பொழுதுபோக்குக்கு ஒரு காணியா?

பினாங்குத் தீவின் முதுகெலும்பாக நீண்டு கிடக்கும் மலைத்தொடருக்கு மேற்கே அமைந்தது பாலிக் புலாவ். டுரியான் தோப்புகளும் சாதிக்காய் மரங்களும் நிறைந்த அவ்வட்டாரத்தை நோக்கி, விடுமுறை நாள்களில் ஜார்ஜ்டவுனிலிருந்து மகிழுந்துகள் மலைச்சாலையில் ஏறி இறங்குகின்றன. பழம் தின்னப் போகின்றவர் பலர். நிலம் பார்க்கப் போகின்றவர் சிலர். ஓர் ஏக்கர் தோப்பு, அதன் நடுவே ஒரு சிறு வீடு, பின்புறம் ஓர் ஓடை. சனிக்கிழமை மாலை சென்று ஞாயிறு மாலை திரும்பிவிடலாம். இதுவே அச்சிலரது கனவு.

இக்கனவு இன்று வசதி பெற்ற தமிழ்க் குடும்பங்களிலும் பேசப்படுகிறது. திருமண விருந்துகளில் ஓய்வு பெற்ற ஆசிரியரும், வழக்கறிஞரும், மருத்துவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கின்றனர்: வாங்கலாமா, வேண்டாமா? விலை என்ன, பாதை உண்டா, தண்ணீர் வருமா, பட்டா தெளிவானதா என்னும் நான்கு கேள்விகளோடு அவர்களது ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது. ஐந்தாவது கேள்வி ஒன்றுண்டு. அந்நிலத்தில் உழைக்கப் போகிறவர் யார்? இதற்கு நேர்மையான விடை கூற இயலாதவர் அந்நிலத்தை வாங்கலாகாது. பணம் இருந்தால் எதையும் வாங்கலாமே, இதில் பிறர் தலையிட என்ன இருக்கிறது என்று சினப்போர், மலாயாத் தமிழனுக்கும் மண்ணுக்கும் இருந்த உறவைச் சற்றே திரும்பிப் பார்த்தல் நலம்.

1786இல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் காலூன்றினார். அடுத்த நூற்றாண்டில் எதிர்க்கரையான செபராங் பிறையில் கரும்புத் தோட்டங்கள் எழுந்தன. அங்கே காடழித்தவரும், வாய்க்கால் வெட்டியவரும், கரும்பு சுமந்தவரும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்த தமிழரே. அவ்வொப்பந்தமுறை 1910இல்தான் ஒழிக்கப்பட்டது. கரும்பு போய் ரப்பர் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பயிர்கள் மாறினவேயன்றி, உழைத்தவனுடைய நிலை மாறவில்லை. விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்று பெயர் கொடுத்தான். பொழுதெல்லாம் நிரையில் நடந்தான். மாலையில் லயத்திற்குத் திரும்பினான். அந்த லயமும் அவனுடையதன்று. வேலை போனால் வீடும் போயிற்று. நூறாண்டு பண்படுத்திய நிலத்தில் தன் பிணத்தைப் புதைக்கும் ஆறடிக்கும் அவன் பிறர் தயவை நாடவேண்டியிருந்தது.

நிபோங் திபாலுக்கு அருகில் கலிடோனியா தோட்டத்தில் ‘தொண்ணூற்றொன்பது கதவு மாளிகை’ என மக்கள் வழங்கும் ஒரு கட்டடம் இடிந்து கிடக்கிறது. ராம்ஸ்டன் என்னும் ஆங்கிலேயக் குடும்பத்தாரின் மாளிகை அது. 1948இல் அதன் உரிமையாளர் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். இன்று செம்பனை மரங்களுக்கிடையே கூரையிழந்து நிற்கும் அச்சுவர்களைப் படமெடுக்க மக்கள் போகின்றனர். அம்மாளிகையைச் சூழ்ந்த நிலத்தில் வியர்வை சிந்தியவர்களுக்கு ஒரு கதவுள்ள வீடும் சொந்தமாய் இருந்ததில்லை என்பதை எண்ணிப் பார்ப்பவர் எத்தனை பேர்?

1950ஆம் ஆண்டுகளில் வெள்ளையர் தம் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கிய வணிகர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுபடியும் விற்றனர். தோட்டத் துண்டாடல் என்று வரலாறு குறிக்கும் கொடுமை இது. 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த துண்டாடலைப் பற்றி உங்கு அசீஸ் தலைமையில் மலாயாப் பல்கலைக்கழகம் ஆய்வு நடத்த வேண்டிய அளவுக்கு அது பெருகியது. துண்டு நிலங்களை வாங்கியோருள் நகரத்தில் இருந்துகொண்டு நிலத்தைப் பெயரளவில் வைத்திருந்தோரும் இருந்தனர். அவர்களுக்கு அது ஒரு சொத்து; அங்கிருந்து வெளியேற்றப்பட்டவனுக்கோ அது வாழ்க்கை.

அந்நாளில் துன் வீ. தி. சம்பந்தன் செய்தது என்ன? 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தோட்டம் தோட்டமாகச் சென்று, பால்மரம் வெட்டும் கைகளிலிருந்து பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் திரட்டினார். கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம். நிலம் வாங்குவது என்னும் சொல்லுக்கு இந்நாட்டுத் தமிழர் வரலாற்றில் பொருள் தந்த நிகழ்ச்சி அது. உழைப்பவன் தான் உழைக்கும் மண்ணுக்கு உரியவனாதல் அப்பொருள். அந்தத் தொழிலாளியின் பேரன் இன்று பட்டம் பெற்று, பதவி பெற்று, நிலம் வாங்கும் நிலைக்கு உயர்ந்திருக்கிறான். மகிழத்தக்கதே. ஆனால், அவன் வாங்குவது எதற்காக என்பதே வினா.

மண்மீது தமிழனுக்குள்ள பாசம் இயல்பானது, அதைத் தடுக்கலாமா என்பர் ஒரு சாரார். பாரதியே பராசக்தியிடம் ஒரு காணி நிலமும், அதில் கிணறும், தென்னையும், நிலவொளியும், குயிலோசையும் கேட்கவில்லையா என்று துணைக்கு அழைப்பர். கேட்டான், உண்மை. ஆனால், அப்பாடலை முடிவு வரை படித்தவர், தன் பாட்டுத் திறத்தால் உலகைக் காக்கவே அவன் அதனைக் கேட்டான் என்பதை அறிவர். அவன் வேண்டியது வாழ்வதற்கும் தொழில் செய்வதற்குமான இடம். வாரத்தில் ஆறு நாள் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு அப்பாடலைச் சான்று காட்டுவது பாரதிக்குச் செய்யும் அநீதி.

நகரத்து அடுக்குமாடியில் வளரும் பிள்ளை மண்ணைத் தொட வேண்டாமா என்பர் மற்றொரு சாரார். வேண்டும்; ஐயமில்லை. தோப்பில் நாற்காலி போட்டு அமர்ந்து, காவற்காரர் பொறுக்கித் தரும் பழத்தைத் தின்னும் பிள்ளை எந்த மண்ணைத் தொடுகிறது? மண் வேலையைப் பிறர் வேலை என்றே அது கற்றுக்கொள்ளும். பள்ளித் தோட்டத்தில் ஒரு பாத்தி வெண்டைக்குத் தானே தண்ணீர் ஊற்றும் மாணவன் அப்பிள்ளையைவிட நிலத்தை நன்கு அறிவான்.

எதிர்காலத்தில் விலை ஏறுமே என்பது மூன்றாவது வாதம். இதுவே உண்மையான வாதம். ஏனைய இரண்டும் இதன் மேற்போர்வை. இருநூற்றுத் தொண்ணூற்றைந்து சதுர கிலோமீட்டர் அளவேயுள்ள ஒரு தீவில், ஓய்வுக்கென வாங்குவோர் பெருகப் பெருக நிலத்தின் விலை பழத்தின் வருவாயை விட்டு விலகி ஓடும். பிறகு, பயிரிட்டுப் பிழைக்க எண்ணும் இளைஞன் எந்த ஏக்கரை வாங்குவான்? அவன் மலாய்க்காரனோ, சீனனோ, தமிழனோ, அவனுடைய வாசல் அடைபடும்.

அடைபட்ட வாசல் எத்தகையது என்பதைத் தமிழர்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஜார்ஜ்டவுனை ஒட்டிய கம்போங் புவா பாலாவில், பிரவுன் குடும்பத்தாரின் தோட்டத்தில் உழைத்தோரின் வழித்தோன்றல்கள் பசுவும் ஆடும் வளர்த்து வாழ்ந்து வந்தனர். தலைமுறை பலவாய் வாழ்ந்தும் உரிமைப் பத்திரம் அவர்கள் பெயரில் இல்லை. கை மாறிய நிலத்துக்காக நீதிமன்றப் படியேறித் தோற்றனர். 2009இல் வீடுகள் இடிக்கப்பட்டன. அன்று கண்ணீர் விட்ட நகரத் தமிழர், இன்று ஒரு கிராமத்து நிலத்தை வார இறுதிக்கென வாங்கும்போது, அங்கே முன்பு குடியிருந்தவர் எங்கே போனார் என்று ஒரு சொல்லேனும் கேட்பதுண்டா?

இனி, நிலம் எதனைக் கேட்கிறது என்பதையும் நோக்குதல் வேண்டும். உரியவன் நாளும் சென்று காணாத நிலம், ஊடிய மனைவியைப் போல் முகம் திருப்பும் என்று உழவு அதிகாரத்தில் வள்ளுவர் எச்சரித்தார். அது கவிநயத்திற்காக மட்டும் சொன்னதன்று. இந்நாட்டு மழையில் ஒரு மாதம் கவனியாத தோப்பில் இடுப்பளவு புல் எழும். ஒட்டுக்கன்று நட்டாலும் டுரியான் பலன்தர ஐந்தாறு ஆண்டுகளேனும் ஆகும். பருவம் வந்ததும் இரவில் உதிரும் பழத்தை விடியலில் பொறுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வரை அது காத்திருக்காது. ஆகவே, ஆள் வைக்கப்படுகிறார். அந்த ஆள் நிலமற்றவர்; தோப்பின் மூலையில் ஒரு தகரக் கொட்டகை அவருக்குத் தரப்படுகிறது; வேலை போனால் கொட்டகையும் போகும். லயத்தில் பிறந்தவரின் பேரன் வார இறுதித் துரையாகி, இன்னொருவருக்கு ஒற்றை அறை லயம் கட்டிக் கொடுக்கிறான். பாட்டன் பட்ட அவமானத்துக்குப் பேரன் செய்யும் பரிகாரம் இதுதானா?

சட்டமும் சிந்திக்கத்தக்கது. 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத் தொகுப்பு நிலப் பயன்பாட்டை வேளாண்மை, கட்டடம், தொழில் என மூன்றாக வகுக்கிறது. ஓய்வு என்றொரு வகை அங்கே இல்லை. பட்டாவில் குறித்த நிபந்தனையை மீறினால் நிலத்தை அரசு பறிமுதல் செய்யவும் இடமுண்டு. மலைச்சரிவாயின் பொறுப்பு இன்னும் மிகுதி. பினாங்கில் 76 மீட்டருக்கு மேற்பட்ட நிலமும், 25 பாகைக்கு மேல் சரிந்த நிலமும் மலைநிலமாகக் கொள்ளப்பட்டு, அங்கே கட்டடப் பணிக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டுள்ளது. 2017 அக்டோபரில் தஞ்சோங் பூங்காவில் கட்டுமானத் தளமொன்றில் மண் சரிந்து 11 பேர் மாண்டனர். 2018 அக்டோபரில் புக்கிட் கூக்குஸில் சாலைப் பணியின்போது 9 புலம்பெயர் தொழிலாளர் மண்ணில் புதைந்தனர். அவை பெரும் பணிகள். ஒரு தோப்பு வீட்டோடு ஒப்பிடத்தக்கவை அல்ல. எனினும், சரிவை வெட்டுபவர் மேலே நிற்க, மண் கீழே உள்ளவர்மீது விழுகிறது என்னும் பாடம் இரண்டுக்கும் பொது.

அப்படியானால், களைத்த நகரத்தார்க்கு ஓய்வே கூடாதா? தாராளமாக வேண்டும். அதற்குத் தனிப் பட்டா தேவையில்லை. 1884 முதல் தண்ணீர்மலை அடிவாரத்தில் தாவரத் தோட்டம் இருக்கிறது. 1923 முதல் கொடிமலைக்கு மலைரயில் ஓடுகிறது. ஒரு காலத்தில் வெள்ளை அதிகாரிகள் பங்களா கட்டித் தமக்கென வைத்திருந்த அம்மலையில் இன்று எவரும் நடக்கலாம். தெலுக் பாஹாங்கை அடுத்துப் பினாங்குத் தேசியப் பூங்கா 2003 முதல் உள்ளது. பொது இடங்களைப் போற்றிக் காப்பவனுக்கு இத்தீவு முழுவதும் தோப்பே. வேலியிட்டுக் கொள்பவனுக்குத்தான் ஓர் ஏக்கர்.

வாங்கியே தீருவேன் என்பவர்க்கு நேர்மையான வழிகளும் உண்டு. ஓய்வு பெற்றபின் அங்கேயே குடியேறித் தன் கையால் பாடுபடுபவரை எவரும் குறை கூறார். அது இயலாதவர், உழைக்க விரும்பும் இளைஞருக்கு எழுத்து மூலமான நீண்ட காலக் குத்தகைக்கு விடலாம். குத்தகைக்காரர் வீட்டைச் சட்டம் இடந்தரும் வகையில் முறையாகக் கட்டித் தரலாம். பத்துக் குடும்பங்கள் சேர்ந்து கூட்டுறவாக வாங்கி, உழைப்பவரையும் பங்குதாரராக்கலாம். ஏழைத் தோட்டத் தொழிலாளர் பத்து வெள்ளியால் செய்து காட்டியதைப் படித்தவர் இலட்சங்களால் செய்ய முடியாது என்றால், அந்தப் படிப்பின் பயன்தான் என்ன?

1816இல் பினாங்கு இலவசப் பள்ளியில் தமிழ் வகுப்பு தொடங்கியதிலிருந்து இத்தீவில் தமிழ்க் கல்வி இரு நூற்றாண்டைக் கடந்துவிட்டது. இன்று மாநிலத்தில் இருபத்தெட்டுத் தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் பயிலும் மாணவருக்கு உழவு அதிகாரத்தை மனப்பாடம் செய்விக்கும் ஆசிரியர்கள், அதன் பொருளைத் தம் வாழ்விலும் காட்டுதல் வேண்டும். நிலம் வாங்கப் புறப்படும் தமிழர் மகிழுந்தில் ஏறுமுன் ஐந்தாவது கேள்வியைத் தம் மனத்திடம் கேட்கட்டும். விடை கிடைத்தால் வாங்கட்டும். கிடைக்காவிடில், உழைக்கத் தெரிந்த ஒருவனுக்கு அந்நிலம் வாய்க்கட்டும் என்று விட்டுவிட்டுத் தாவரத் தோட்டத்தில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வீடு திரும்பட்டும்.