'பயப்படாதே' என்பது ஆறுதல் இல்லை

குடல்வால் ஆபரேஷன் என்றால் சொந்தபந்தம் மொத்தமும் ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்துவிடும். கண்புரை ஆபரேஷன் என்றால் பக்கத்து வீட்டுக்காரர்கூட "எந்த டாக்டர்? லென்ஸ் எவ்வளவு ஆச்சு?" என்று விசாரிப்பார். உடல் எடையைக் குறைக்கும் ஆபரேஷன் என்றால் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசுகிறார்கள். யாராவது கேட்டால் "சும்மா ஒரு செக்கப்" என்று பதில்.

இதனால் என்ன ஆகிறது? தேதி குறித்த நாளிலிருந்து அந்த ஆள் தனியாகப் பயப்பட ஆரம்பிக்கிறார். ராத்திரி இரண்டு மணிக்குப் போனில் ஆபரேஷன் வீடியோ பார்க்கிறார். பகலில் யாரிடமும் கேட்க முடியாது. விஷயம் தெரிந்த இரண்டு மூன்று பேரும் திரும்பத் திரும்பச் சொல்வது ஒரே வசனம்தான்: "பயப்படாதே, ஒண்ணும் ஆகாது."

முதலில் இந்த வசனத்தை நிறுத்த வேண்டும். சொல்பவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் கேட்பவர் காதில் அது "இதைப் பற்றிப் பேசாதே" என்றுதான் விழுகிறது. பயம் போவதில்லை. பயத்தை வெளியே சொல்வதுதான் நின்றுபோகிறது.

யோசித்துப் பார்த்தால் இதில் பயப்படாமல் இருந்தால்தான் ஆச்சரியம். 1966-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன், சிகாஷி இட்டோ என்ற இரண்டு மருத்துவர்கள் எடையைக் குறைப்பதற்காக இரைப்பை பைபாஸ் செய்தார்கள். இன்று அதிகம் நடப்பது ஸ்லீவ் ஆபரேஷன். இரைப்பையில் கிட்டத்தட்ட முக்கால் பங்கை நிரந்தரமாக வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயாக விட்டுவைப்பார்கள். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. பைபாஸில் சுமார் 30 மில்லி கொள்ளும் ஒரு சின்னப் பை மட்டும் உணவுக்கு மிஞ்சும். லேப்ராஸ்கோபியில் சின்னத் துளைகள் போட்டுச் செய்தாலும் உள்ளே நடப்பது பெரிய ஆபரேஷன். இதற்குப் பயப்படுகிறவர் கோழை இல்லை, விஷயம் புரிந்தவர்.

கம்பெனிக்கு வரும் ஆடிட்டர் மாதிரிதான் இந்தப் பயமும். "இந்த பில் எங்கே? இந்தக் கணக்கு ஏன் இடிக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். ஆடிட்டரைத் துரத்திவிட்டால் கணக்கு சரியாகிவிடாது. ஒவ்வொரு கேள்விக்கும் பதில் எடுத்துக் கொடுக்க வேண்டும். அதற்கு முதலில் பயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரே பெரிய பூதமாகத் தெரிவது, பிரித்தால் மூன்று நான்கு தனித்தனி பயங்களாக இருக்கும்.

முதல் பயம்: டேபிளிலேயே உயிர் போய்விடுமோ?

இதற்குக் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் பைபாஸ், வயிற்றுப் பட்டை ஆபரேஷன்களை முதல்முறையாகச் செய்துகொண்ட 4,776 பேரைத் தொடர்ந்து பார்த்த ஒரு பெரிய ஆய்வு 2009-ல் வெளிவந்தது. 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் 0.3 சதவீதம், அதாவது ஆயிரத்துக்கு மூன்று பேர். அதற்குப் பின் வந்த கணக்குகளில் இது இன்னும் குறைந்திருக்கிறது.

பேரேட்டில் ஒரு பக்கத்தை மட்டும் பார்ப்பது சரியில்லை அல்லவா? ஆபரேஷன் செய்யாமல் இருப்பதிலும் ஆபத்து உண்டு. சுவீடனில் ஆபரேஷன் செய்துகொண்ட 2,010 பேரையும் செய்துகொள்ளாத 2,037 பேரையும் சராசரியாகப் பத்து வருஷத்துக்கு மேல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2007-ல் முடிவு வந்தது. வயது, மற்ற வியாதிகள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும், ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடம் இறப்பு ஆபத்து 29 சதவீதம் குறைவு. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, தூக்கத்தில் மூச்சு நிற்பது என்று வரிசையாகச் சுமந்துகொண்டு இருப்பவருக்கு "சும்மா இருந்தால் பாதுகாப்பு" என்பது உண்மை இல்லை.

ஆனால் இந்த எண்களை எந்த ஆஸ்பத்திரிக்கும் பொருத்திவிட முடியாது. 2024 ஏப்ரலில் சென்னைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் எடை குறைப்பு ஆபரேஷனுக்குப் போன இளைஞர் இறந்துபோனார். அரசு விசாரணை நடத்தி, அந்த மருத்துவமனையின் உரிமத்தைத் தற்காலிகமாக நிறுத்தியது. அந்தச் செய்தியைப் படித்த ஒருவரிடம் போய் "ஒண்ணும் ஆகாது" என்று எப்படிச் சொல்வது? அவரிடம் சொல்ல வேண்டியது, "வா, போய்க் கேட்போம்" என்பதுதான்.

கேட்க வேண்டியவை கஷ்டமான கேள்விகள் இல்லை. இந்த ஆபரேஷனை டாக்டர் வருஷத்துக்கு எத்தனை செய்கிறார்? மயக்க மருந்து கொடுப்பவர் யார், அவர் முன்கூட்டியே வந்து பார்ப்பாரா? ஐ.சி.யு. இதே கட்டடத்தில் இருக்கிறதா? நடுராத்திரியில் ரத்தக் கசிவோ தையல் கசிவோ வந்தால் யார் வருவார்கள்? இதையெல்லாம் கேட்டால் எரிச்சல்படுகிற இடமாக இருந்தால், எழுந்து வந்துவிடலாம்.

இரண்டாவது பயம்: இனிமேல் சாப்பிடவே முடியாதா?

பலர் இதை வெளியே சொல்வதே இல்லை. உயிர் பயத்தைச் சொன்னால் மதிப்பார்கள், பிரியாணி பயத்தைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் இது சின்ன விஷயம் இல்லை. நம் வீடுகளில் பாசத்தையே இலையில்தான் பரிமாறுகிறார்கள். "இன்னும் ஒரு தோசை வச்சுக்கோப்பா" என்பதுதான் அம்மாவின் அன்பு. கல்யாண வீட்டில் பாதி இலையோடு எழுந்தால் பெண் வீட்டாருக்கு வருத்தம். இந்த ஊரில் ஒருவர் கொஞ்சமாகச் சாப்பிடுவதற்குத் தனி தைரியம் வேண்டும்.

இங்கேயும் தெளிவான தகவல்தான் மருந்து. ஆபரேஷனுக்குப் பின் முதலில் திரவ உணவு, அப்புறம் மசித்தது, அப்புறம் மிருதுவானது, சில வாரங்கள் கழித்து சாதாரண உணவு, கொஞ்சமாக. வடை, பிரியாணி எல்லாம் உலகத்திலிருந்து மறைந்துவிடாது. அளவுதான் மாறும். முட்டை, மீன், பருப்பு மாதிரி புரதம் முதலில், சோறு அப்புறம். விட்டமின் மாத்திரைகளை வாழ்நாள் முழுக்க எடுக்க வேண்டும். சில மாதங்களில் முடி கொட்டலாம், பெரும்பாலும் திரும்ப வளரும். பெண்கள் ஒன்று, ஒன்றரை வருஷம் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். இதையெல்லாம் முன்னாடியே கேட்டுக்கொண்டவர், முதல் வாரத்தில் இளநீரை மடக்கு மடக்காகக் குடிக்கும்போது "ஐயோ, என்ன செய்துகொண்டோம்" என்று உடைந்துபோக மாட்டார். ஏற்கெனவே ஆபரேஷன் செய்து இரண்டு வருஷம் ஆன ஒருவரோடு அரை மணி நேரம் பேசினால் இன்னும் நல்லது. அந்தப் பேச்சுக்கு வீட்டில் சமைப்பவரும் கூட இருக்க வேண்டும்.

மூன்றாவது பயம்: ஊர் என்ன சொல்லும்?

"வாயைக் கட்ட முடியாம கத்தி வச்சுக்கிட்டான்" என்று சொல்லும். அதற்குத்தான் இத்தனை ரகசியமும். இந்த வெட்கம் அடிப்படையே இல்லாதது. எடை குறையக் குறைய உடம்பு பசியைக் கூட்டி, செலவைக் குறைத்து, போன எடையைத் திரும்பப் பிடிக்கப் பார்க்கும். 1999-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்த கிரெலின் என்ற பசி ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையின் மேல்பகுதியில்தான் சுரக்கிறது. ஸ்லீவ் ஆபரேஷனில் வெட்டி எடுப்பதும் அந்தப் பகுதியைத்தான். பத்து தடவை டயட் இருந்து பத்து தடவையும் தோற்றவர் சோம்பேறி இல்லை. அவர் சண்டை போட்டது சொந்த உடம்போடு.

இந்த வெட்கத்தில் ஒரு நிஜமான ஆபத்தும் இருக்கிறது. வெட்கப்படுகிறவர் டாக்டரிடமும் மறைப்பார். ஆபரேஷனுக்கு முன் இரண்டு வாரம் போலக் குறைந்த கலோரி உணவு கொடுப்பது தண்டனைக்கு இல்லை. கொழுப்பு சேர்ந்து வீங்கிய கல்லீரல் இரைப்பைக்கு மேலே மூடிக்கொண்டு கிடக்கும். அது சுருங்கினால்தான் டாக்டருக்கு வழி தெரியும். பயத்தில் இருப்பவர் "இனிமேல் கிடைக்காதே" என்று கடைசியாக ஒரு பரோட்டா, கடைசியாக ஒரு ஐஸ்கிரீம் என்று ஆரம்பிப்பார். பிறகு வெட்கப்பட்டு அதை மறைப்பார். சிகரெட்டை மறைப்பார், நெட்டில் வாங்கிய ஒல்லியாகும் பவுடரை மறைப்பார். எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொண்டதை மறைத்தால் இன்னும் மோசம். செமாக்ளூடைட் மாதிரி ஊசிகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். மயக்கத்தில் அந்த உணவு மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. ஊர் வாயை மூடுவதைவிட டாக்டரிடம் வாயைத் திறப்பது முக்கியம்.

மனநல ஆலோசகரிடம் அனுப்பினால் "எனக்கென்ன பைத்தியமா?" என்று கோபப்படுகிறவர்களும் உண்டு. அது பாஸ், ஃபெயில் போடும் பரீட்சை இல்லை. மனச்சோர்வோ, கட்டுப்பாடில்லாமல் சாப்பிடும் பிரச்னையோ இருந்தால் முதலில் அதற்கு வைத்தியம் பார்ப்பதற்காகத்தான். பயத்தைக் கூச்சமில்லாமல் கொட்டுவதற்கு அதைவிட நல்ல இடமும் இல்லை.

பணத்தைப் பற்றிய பயத்தையும் விட்டுவிடக் கூடாது. ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019-ல் வகுத்த விதிகளின்படி, டாக்டர் பரிந்துரைத்து, பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, 35 அல்லது அதற்கு மேல் இருந்து கடுமையான துணை வியாதிகள் இருந்தாலோ எடை குறைப்பு ஆபரேஷனை இன்சூரன்ஸில் சேர்க்க வழி இருக்கிறது. காத்திருப்புக் காலம் முதலான நிபந்தனைகளைப் பாலிசியில் படித்துப் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரியிடம் எழுத்தில் எஸ்டிமேட் வாங்க வேண்டும். ஆபரேஷனுக்குப் பிந்தைய மாத்திரை, ரத்தப் பரிசோதனைச் செலவையும் அதில் கூட்டிக்கொள்ள வேண்டும்.

சரி, இவ்வளவும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகும் முந்தின நாள் ராத்திரி நெஞ்சு படபடக்கத்தான் செய்யும். அதற்குச் சின்னச் சின்ன வழிகள் உண்டு. மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நிதானமாக வெளியே விடுவது. பிடித்த பாட்டைக் கேட்பது. 26 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த 2013 காக்ரேன் ஆய்வு, ஆபரேஷனுக்கு முன் இசை கேட்பது பதற்றத்தைக் குறைக்க உதவலாம் என்று சொன்னது. இளையராஜாவோ சஷ்டி கவசமோ, அவரவர் விருப்பம். தூக்கம் வரவில்லை என்று சொந்தமாகத் தூக்க மாத்திரை மட்டும் போடவே கூடாது. குறட்டையும் மூச்சுத் தடையும் உள்ளவர்களுக்கு அது ஆபத்து. மயக்க மருந்து டாக்டரிடம் "ரொம்பப் பயமாக இருக்கிறது" என்று சொன்னால், தேவைப்பட்டால் அவரே ஏதாவது கொடுப்பார். அவருக்கு இது தினமும் கேட்கும் வாக்கியம்.

கடைசியாக ஒன்று. சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் பின்வாங்க முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. மயக்க மருந்து கொடுக்கும் நிமிஷம் வரை "இன்று வேண்டாம்" என்று சொல்ல நோயாளிக்கு உரிமை உண்டு. "அட்வான்ஸ் கட்டியாச்சே, சித்தப்பா லீவு போட்டுட்டு வந்துட்டாரே" என்பதெல்லாம் இரைப்பையை வெட்டிக்கொள்ளக் காரணங்கள் ஆகாது.

அப்படியானால் எப்போது துணிந்து போவது, எப்போது தள்ளிப்போடுவது? பயம் பதில்களைக் கேட்டு என்ன செய்கிறது என்று பார்த்தால் போதும். பதில் கிடைக்கக் கிடைக்கப் பயம் குறைந்தால், மிச்சமிருக்கும் படபடப்பு சாதாரணமானது. அதோடேயே போகலாம். பதில் கேட்கக் கேட்கப் பயம் கூடினால், அல்லது பதிலே கிடைக்கவில்லை என்றால், கோளாறு நோயாளியின் தைரியத்தில் இல்லை. டாக்டரையோ தேதியையோ மாற்ற வேண்டும்.

வீட்டில் யாராவது இந்த ஆபரேஷனுக்குத் தயாராகிக்கொண்டிருந்தால், கூட இருப்பவர்கள் செய்ய வேண்டியது ரொம்பக் கொஞ்சம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்து "என்னவெல்லாம் பயமோ எழுது, நாளைக்கு டாக்டர்கிட்ட ஒவ்வொண்ணா கேட்போம், நானும் வரேன்" என்று சொன்னால் போதும். ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்... அதுவும் டயட்டீஷியனைக் கேட்டுவிட்டு!