தாளிப்பு எண்ணெய்: போத்தலில் எதை அடைக்கலாம், எதை அடைக்கக் கூடாது?

வேலை முடிந்து, சாலை நெரிசலில் ஊர்ந்து வீடு வந்து சேரும்போது இரவு எட்டு மணி. அதற்குப் பிறகு வெங்காயம் உரித்து, பூண்டு தட்டி, மசாலை வதக்கிக் கறி வைக்க யாருக்குத் தெம்பு இருக்கிறது? அதனால்தான் மசாலா எண்ணெய்ப் போத்தல்கள் இன்று பல சமையலறைகளில் இடம் பிடித்துவிட்டன. சிலர் வார இறுதியில் தாங்களே காய்ச்சி வைத்துக்கொள்கிறார்கள். சிலர் பேரங்காடியில் வாங்குகிறார்கள். வீட்டில் செய்து விற்பவர்களிடம் வாட்ஸ்அப்பில் சொல்லி வைப்பவர்களும் உண்டு. வெளியூரில் படிக்கும் பிள்ளைக்கு அம்மா கொடுத்தனுப்பும் போத்தல் தனிக் கணக்கு.

நல்ல யோசனைதான். ஒரு கரண்டி ஊற்றினால் பருப்பு மணக்கும், மீன் கறி சிவக்கும். ஆனால் அந்தப் போத்தலுக்குள் என்ன போட்டிருக்கிறோம் என்பதைப் பொறுத்து, அது ஒரு மாதம் தாங்கலாம். நான்கே நாளில் கொட்ட வேண்டியதாகவும் இருக்கலாம். இந்த வேறுபாடு தெரியாமல் எல்லாவற்றையும் அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் வரிசையாக வைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

எண்ணெய் ஏன் மணக்கிறது?

மிளகாயின் சிவப்பும் காரமும், மஞ்சளின் நிறமும், பட்டை கிராம்பின் வாசனையும் தண்ணீரைவிட எண்ணெயில்தான் நன்றாக இறங்கும். கறித்தூளைக் கொதிக்கும் குழம்பில் நேரே கொட்டினால் பச்சை வாடை அடிப்பதும், எண்ணெயில் வதக்கிச் சேர்த்தால் வீடே மணப்பதும் இதனால்தான். “எண்ணெய் பிரிந்து வரட்டும்” என்று நம் அம்மாக்கள் அடுப்படியில் காத்திருப்பார்கள். சம்பல் வதக்கும் மலாய்க்கார அண்டை வீட்டார் ‘பெச்சா மிஞாக்’ என்று சொல்வதும் அதே பதத்தைத்தான். மசாலையின் ஈரம் வற்றி, அதன் சாரத்தை வாங்கிக்கொண்ட எண்ணெய் தனியே நிற்கும் நேரம் அது. மசாலா எண்ணெய் என்பது அந்தச் சாரத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வது.

உலர்ந்த சாமானா? காய்ச்சி வைக்கலாம்

அரை லிட்டர் புதிய எண்ணெய்க்கு இரண்டு துண்டு பட்டை, ஆறு கிராம்பு, ஐந்து ஏலக்காய், இரண்டு அன்னாசிப்பூ, ஒரு மேசைக்கரண்டி சோம்பு, எட்டு காய்ந்த மிளகாய். பட்டை, கிராம்பு, ஏலம், அன்னாசிப்பூ ஆகிய நான்கையும் மலாய்ச் சமையலில் ‘நான்கு தோழர்கள்’ என்று சேர்த்தே சொல்வார்கள். நம் கறிக்கும் அவைதான் அடித்தளம். வெந்தயம் போட்டால் அரைத் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம், கசந்துவிடும்.

எண்ணெயைக் காய வைத்துப் பொரிப்பதுபோல் செய்யக் கூடாது. சிறு தீயில், சாமானைச் சுற்றி மெல்லிய குமிழ் மட்டும் எழும் சூட்டில், பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். மிளகாய் கருக்கத் தொடங்கினால் சூடு அதிகம். அடுப்பை அணைத்துச் சற்று ஆறியபின் ஒரு சிட்டிகை மிளகாய்த்தூளைப் போட்டுப் பாருங்கள். மெல்ல நுரைத்துச் சிவந்தால் இரண்டு மேசைக்கரண்டி தூளைச் சேர்க்கலாம். உடனே கறுத்தால் இன்னும் ஆற வேண்டும். ஓர் இரவு மூடி வைத்து, மறுநாள் மெல்லிய துணியில் வடிகட்டி, துளி ஈரமும் இல்லாத கண்ணாடிப் போத்தலில் ஊற்றித் தேதி எழுதி ஒட்டுங்கள்.

இந்த எண்ணெயில் தண்ணீர் இல்லை. அதனால் கிருமி வளர இடமில்லை. இதைக் கெடுப்பவை வெளிச்சமும் சூடும் காற்றும்தான். அவை எண்ணெயைக் காறல் அடிக்க வைக்கும். குளிர்பதனப் பெட்டியில் வைத்து ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். குளிரில் பாமாயில் கலங்கி உறைவது இயல்பு. வெளியே எடுத்து வைத்தால் தெளிந்துவிடும். ஏற்கெனவே வடை, அப்பளம் பொரித்த எண்ணெயை மட்டும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள். பாதி கெட்டுப்போன எண்ணெயில் நல்ல சாமானைப் போட்டு என்ன பயன்?

பூண்டும் கறிவேப்பிலையும் வேறு கதை

பூண்டு, சின்ன வெங்காயம், இஞ்சி, கறிவேப்பிலை, ரம்பை இலை, செராய் எல்லாம் ஈரம் உள்ளவை. மண்ணில் விளையும் பூண்டில் ‘குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம்’ என்ற கிருமியின் வித்துகள் ஒட்டியிருக்கக் கூடும். சாதாரணமாக அவை நமக்குத் தீங்கு செய்வதில்லை. ஆனால் காற்றுப் புகாத இடம், புளிப்பு இல்லாத ஈரம், வெதுவெதுப்பான சூழல் மூன்றும் சேர்ந்து கிடைத்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். நம் நாட்டு வெயிலில் அலமாரியில் நிற்கும் பூண்டு எண்ணெய்ப் போத்தல் அந்த மூன்றையும் கொடுக்கிறது. பூண்டைப் பொன்னிறமாகப் பொரித்துவிட்டோமே என்று ஆறுதல் கொள்ள முடியாது. அந்த வித்துகள் தண்ணீர் கொதிக்கும் சூட்டிலும் சாகாதவை. பொரித்த பூண்டின் நடுவில் ஈரம் மிஞ்சியிருக்கவும் கூடும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 1985இல் கனடாவின் வான்கூவரில், ஓர் உணவகத்தில் எண்ணெயில் ஊறிய நறுக்கிய பூண்டைச் சாப்பிட்ட 36 பேர் இந்த நஞ்சால் பாதிக்கப்பட்டார்கள். அந்தப் பூண்டு குளிரூட்டப்படாமல் வெளியே வைக்கப்பட்டிருந்தது. இந்த நஞ்சை வாசனையோ ருசியோ காட்டிக்கொடுக்க வேண்டும் என்பதில்லை. பார்வை இரண்டாகத் தெரிவது, இமை தொங்குவது, நாக்குக் குழறுவது, விழுங்க முடியாமல் போவது இதன் அறிகுறிகள். அப்படி ஏதாவது தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சாப்பிட்டது என்ன என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

“பாட்டி போட்ட பூண்டு ஊறுகாய் மாதக்கணக்கில் இருந்ததே?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஊறுகாயில் புளியோ எலுமிச்சையோ காடியோ நிறைய இருக்கிறது, உப்பும் தாராளம். அந்தப் புளிப்பில் இந்தக் கிருமி தலையெடுக்காது. பூண்டு எண்ணெயில் அந்தக் காவல் கிடையாது. அதில் கொஞ்சம் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தாலும் எண்ணெயும் சாறும் ஒட்டாமல் தனித்தனியே நிற்கும்; பூண்டுக்குள் புளிப்பு ஏறிவிட்டதாக நம்ப முடியாது.

ஆகவே பூண்டோ கறிவேப்பிலையோ போட்ட எண்ணெயைக் கொஞ்சமாகச் செய்யுங்கள். ஆறியதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்து நான்கு நாளுக்குள் முடித்துவிடுங்கள். அதிகம் செய்தால் ஐஸ் கட்டித் தட்டில் ஊற்றி உறைய வைக்கலாம். ஒரு வேளைக்கு ஒரு கட்டி. எடுத்ததை நேரே சட்டியில் போட்டுவிடலாம். வெளியூர்ப் பிள்ளைக்குக் கொடுத்தனுப்ப உலர்ந்த மசாலா எண்ணெய்தான் ஏற்றது. பூண்டை அங்கே அவனே தட்டிப் போட்டுக்கொள்ளட்டும்.

முன்னோர் வழி

யோசித்துப் பார்த்தால், உடனடித் தாளிப்பு நமக்குப் புதிதல்ல. சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, வெந்தயம், சீரகம், மஞ்சள் எல்லாம் சேர்த்து உருண்டை பிடித்து, வெயிலில் பல நாள் காய வைத்த தாளிப்பு வடகம் வேறென்ன? அவர்கள் பூண்டை எண்ணெயில் ஊற வைத்துச் சேமிக்கவில்லை. ஈரத்தை முழுக்க எடுத்துவிட்டுச் சேமித்தார்கள். எண்ணெயை மட்டும் அன்றன்றைக்குக் காய வைத்தார்கள். பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளான், பினாங்கு லிட்டல் இந்தியா மளிகைக் கடைகளில் வடகம் கேட்டுப் பாருங்கள். புளிக்குழம்பில் நல்லெண்ணெயில் உதிர்த்துப் போட இரண்டு நிமிடம் போதும்.

வாங்கும்போது

லேபிளில் பொருள்கள் எடை வரிசையில் இருக்கும். முதலில் எண்ணெய், அடுத்து சுவையூட்டி, நிறமூட்டி, கடைசியில் மசாலை என்றிருந்தால், நீங்கள் பணம் கொடுப்பது பெரும்பாலும் எண்ணெய்க்குத்தான். பூண்டு சேர்ந்த எண்ணெயில் சிட்ரிக் அமிலம், அதாவது 330 என்ற எண், இருந்தால் முகம் சுளிக்காதீர்கள். பெரும்பாலும் அது பாதுகாப்புக்காகச் சேர்ப்பது. “திறந்தபின் குளிரூட்டவும்” என்ற சிறிய எழுத்தைப் பெரிய எழுத்தாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் செய்து விற்பவர்களிடம் வாங்குவது நல்ல காரியம். பல குடும்பங்களின் வருமானம் அதில் இருக்கிறது. அவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தத் தேதியில் செய்தது? பூண்டு, வெங்காயம் உண்டா? எப்படி வைக்க வேண்டும்? சுகாதார அமைச்சின் மெஸ்தி சான்றிதழ் இருந்தால் இன்னும் நல்லது. நன்றாகச் செய்பவர் பதில் சொல்லத் தயங்க மாட்டார்.

இன்றைக்கே உங்கள் அலமாரியைத் திறந்து பாருங்கள். தேதி தெரியாத பூண்டு எண்ணெய் இருந்தால், முகர்ந்தும் ருசித்தும் சோதிக்க வேண்டாம், மூடியோடு எறிந்துவிடுங்கள். அரை போத்தல் எண்ணெய் வீணாகிறதே என்று மனம் அடித்துக்கொள்ளும்தான். பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமை புதிதாகக் காய்ச்சிக்கொள்ளலாம்.