கல்லும் வாரும்

மென்மை வன்மையை வெல்லும் என்று மேடைகளில் உவமை கூறக் கேட்டிருக்கிறோம். சவரக்கத்தியின் வாயில் அது நாள்தோறும் நிகழ்கின்ற உண்மை. மனிதருடைய மயிர் உருக்கைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையானது. ஆயினும் மயிரை மழிக்க மழிக்க உருக்கு மழுங்குகின்றது. இதன் காரணத்தை அமெரிக்காவிலுள்ள மாசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவக ஆய்வாளர் இலத்திரன் நுணுக்குக்காட்டியின் துணைகொண்டு ஆராய்ந்து 2020இல் வெளியிட்டனர். உருக்கின் உள்ளமைப்பு எங்கும் ஒரே சீராக இருப்பதில்லை, இடத்துக்கிடம் வேறுபடும். வளைந்து சாயும் மயிரொன்று, அத்தகைய வேறுபாடுடைய ஓரிடத்தில் விளிம்பின் பக்கமாக மோதுமாயின், அங்கே நுண்ணிய சில்லொன்று பெயர்ந்துவிடுகின்றது.

ஆகவே கூர்மை என்பது ஒருமுறை ஈட்டிப் பேழையிற் பூட்டி வைக்கத்தக்க செல்வமன்று. பயன்படுத்துந்தோறும் அது குறையும். குறையுந்தோறும் அதனை மீட்டல் வேண்டும். அங்ஙனம் மீட்பதற்குச் சவரத் தொழிலாளர் இரண்டு கருவிகளைக் கையாண்டனர். ஒன்று தீட்டுக்கல், மற்றையது தோல்வார்.

மடக்குச் சவரக்கத்தியின் முதுகு தடித்திருக்கும். இரு பக்கங்களும் குழிந்து வாயை நோக்கி மெலிந்து செல்லும். தீட்டுவோர் முதுகையும் வாயையும் ஒருங்கே கல்லின்மீது படிய வைப்பர். அப்போது முதுகின் தடிப்பும் அலகின் அகலமும் சேர்ந்து சாய்வை நிறுத்தித் தருகின்றன. ஏறத்தாழ 16 அல்லது 17 பாகை கொண்ட கோணம் இவ்வாறு கத்தியின் அமைப்பிலிருந்தே பிறக்கின்றது. தீட்டுவோரின் கடமை, நீர் தடவிய கல்லில், சிறிதும் அழுத்தாது, வாய் முன்செல்லுமாறு கத்தியைக் குறுக்குச் சாய்வாக நகர்த்துவதே. கத்தி மிக மழுங்கியதாயின் பருங்கல்லில் தொடங்கி நுண்கல்லில் முடிப்பர். பெல்சிய நாட்டின் ஆர்டென் பகுதியில் வெட்டியெடுக்கப்படும் மஞ்சட்கல் இத்தொழிலுக்குப் பெயர்பெற்றது. அதனுள்ளே பொதிந்துள்ள கார்னெற் என்னும் சிறு மணிகளே உருக்கை அராவுகின்றன.

தோல்வாரின் முறை இதற்கு நேர்மாறானது. இங்கே முதுகு முன்செல்ல வாய் பின்தொடரல் வேண்டும். வாய் முன்சென்றால் வார் அறுபடும். ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் திரும்பும்போது கத்தியை முதுகின்மேற் புரட்டுவர். வார் விறைப்பாக நிற்றல் வேண்டும். தொய்ந்தால் வாய் உருண்டுவிடும். முதலிற் துணிவாரிலும் பின்பு தோலிலுமாகச் சில பத்து முறை இழுத்தால் விளிம்பு நேர்ப்படும். கல் உருக்கைத் தேய்த்துப் புதிய வாயை ஆக்குகின்றது. வார் இருக்கின்ற வாயைச் சீர்செய்கின்றது. கல்லின் உதவி சில மாதங்களுக்கு ஒருமுறை போதும். வாரின் உதவியோ ஒவ்வொரு சவரத்துக்கும் முன் வேண்டப்படும். வாரிற் சீர்ப்படத்தக்க கத்தியைக் கல்லிலே தேய்ப்பவர் அதன் ஆயுளை வீணே குறைக்கின்றார். கல்லுக்குரிய கத்தியை வாரிலே நூறுமுறை இழுப்பவர் தம் காலத்தை வீணாக்குகின்றார். எது எப்போது வேண்டும் என்பதைக் கையாலும் கண்ணாலும் அறிவதே இக்கலையின் புலமை.

கண்ணால் அறியும் முறை ஒன்று உண்டு. கத்தியின் வாயை மேல்நோக்கி விளக்கொளியிற் பிடித்தால், மழுங்கிய இடம் வெண்கோடாக மின்னும். கூர்மையுள்ள இடத்திலோ ஒளி பட்டு மீளுதற்குரிய அகலம் இல்லை. அங்கே ஒன்றும் மின்னாது. தொல்காப்பியர் உரியியலில் ‘வை’ என்பதற்குக் கூர்மை என்றும், ‘வாள்’ என்பதற்கு ஒளி என்றும் பொருள் வகுத்தார். இவ்வுரிச்சொற்களைப் பண்டித வகுப்பில் விளக்கும்போதெல்லாம், ஒளியைக்கொண்டு கூர்மையை அளக்கும் தொழிலாளர் ஒருவரை உரைகூற அழைத்தல் தகும் என்று நான் எண்ணுவதுண்டு. அவ்வெண்ணத்தைக் கேட்டு நகைப்பாரும் உளர். அந்நகைப்பைப் பற்றியே இங்கு எழுதத் துணிந்தேன்.

பிறநாட்டார் இவ்வறிவை ஏட்டில் ஏற்றினர். பாரிசு நகரத்துக் கத்திக் கொல்லராகிய சான் சாக் பெரே என்பார் 1769இல் தமக்குத் தாமே சவரஞ் செய்யக் கற்பிக்கும் நூலொன்றை வெளியிட்டார். தீட்டுக்கற்களை அறியும் வகையும், வாருக்குத் தோல் பதப்படுத்தும் வகையும் அந்நூலின் தலைப்பிலேயே இடம்பெற்றன. அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின், வறிய இளைஞனொருவனுக்குத் தானே சவரஞ் செய்யவும் கத்தியைப் பேணவும் கற்பித்தல் ஆயிரம் பொற்காசு ஈவதினும் அவனுக்கு இன்பம் பயக்கும் என்று தம் வரலாற்றில் எழுதினார். இலண்டனில் 1540 முதல் 1745 வரை சவரத் தொழிலாளரும் சத்திர வைத்தியரும் ஒரே சங்கத்தினராய் இருந்தனர்.

நம்மிடையேயும் இத்தொழிலும் மருத்துவமும் உறவுடையன. தமிழ்நாட்டில் இக்குலத்தாருக்கு மருத்துவர் என்னும் பெயர் இன்றும் வழங்குகின்றது. அக்குலத்துப் பெண்கள் மருத்துவிச்சிகளாய் எத்தனையோ குழந்தைகளைக் கையேந்தினர். யாழ்ப்பாணத்திலோ மணவீட்டிலும் பிணவீட்டிலும் இவரின்றிச் சடங்கு நடைபெறாது. ஆயினும் இவரைத் திண்ணைக்கு அப்பால் நிறுத்தினோம். கோயில் வாயிலிலும் பள்ளி வாயிலிலும் தடுத்தோம். கழுத்தை ஒருவர் கையிலுள்ள கூரிய கத்திக்கு அஞ்சாது ஒப்புவித்த சமூகம், அதே கையில் ஏட்டைக் கொடுக்க அஞ்சியது. ஏடு மறுக்கப்பட்டவரின் அறிவு ஏட்டில் ஏறாமற் போனதில் வியப்பென்ன?

காலமும் மாறியது. கில்லெற் என்பார் 1904இல் காப்புரிமை பெற்ற கழற்றி மாற்றும் பிளேட், முதல் உலகப்போரில் அமெரிக்கப் படைவீரருக்கு வழங்கப்பட்டுப் பெரிதும் பரவிற்று. குருதியாற் பரவும் நோய்களைப் பற்றிய அறிவு வளர்ந்தபின், பலருக்கு ஒரே கத்தி என்னும் வழக்கம் சலூன்களிலிருந்து நீங்கலாயிற்று. அது நன்றே, அதனை மீட்டல் வேண்டும் என்று நான் கூறவில்லை. தொழிலாளரின் பிள்ளைகள் வேறு தொழில் நாடுவதும் நன்றே. எந்தக் கத்தியும் எந்தக் குலத்துக்கும் தலைவிதி ஆகாது.

ஆனால் அறிவு அழிதல் நன்றன்று. நாவிதர் கருவிப்பைக்கு ‘அடைப்பம்’ என்னும் பெயரைத் தமிழ்ப் பேரகராதி காத்துத் தந்திருக்கின்றது. பைக்குப் பெயர் கிடைத்தது. பைக்குள்ளிருந்த கற்களின் வகைகளுக்கும், வாயில் எழும் பிசிறுகளுக்கும், வாரை இழுக்கும் கைம்முறைகளுக்கும் தொழில் செய்தோர் வழங்கிய சொற்களையும் நாம் கேட்டெழுதல் வேண்டும். கலைச்சொல் ஆக்கக் குழுக்கள் புதுச்சொற்களைப் படைத்துக் கொண்டிருக்கையில், பிறந்து வழங்கிய சொற்கள் முதியோரின் நாவோடு மறைதல் தமிழுக்கு இழப்பாகும்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் எனது வேண்டுகோள் இது. இத்தொழிலில் முதிர்ந்த பெரியவர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கின்றனர். வரும் விடுமுறையில் குறிப்பேட்டுடன் அவர்களிடம் செல்லுங்கள். ஐயா என்று அழைத்து, அவர் இருத்தும் இடத்தில் இருந்து, அவர் காட்டுவதைக் கண்டு, சொல்வதைச் சொன்னவாறே எழுதுங்கள். எழுதியதை இலக்கியச் சங்கங்களிற் படியுங்கள். சொன்னவர் இசைந்தால் அவர் பெயரோடு அச்சிடுங்கள். படிக்கும் அன்று அவரையும் அழைத்து, முன்வரிசையில் இருத்துங்கள்.