டிக் அடித்தால் கேர் வந்துவிடுமா?

இங்கிலாந்தில் கேர் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்காக 2015-ல் 15 தரநிலைகளோடு வந்தது கேர் சர்டிஃபிகேட். என் மனைவி அதை இரண்டே ராத்திரியில், சமையலறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, வீடியோ பார்த்து டிக் அடித்தே முடித்துவிட்டாள். மறுநாள் முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டியை ஹாய்ஸ்டில் தூக்கச் சொன்னார்களாம். கை நடுங்கியிருக்கிறது. "பார்த்துப் பழகிக்கோ" என்று போய்விட்டார்கள்.

ஆன்லைன் பாடம் மட்டும் போதாது, வேலையிடத்தில் நேரில் கவனித்துத்தான் தேர்ச்சி தரவேண்டும் என்கிறது வழிகாட்டி. ஆனால் அந்தச் சான்றிதழே சட்டப்படி கட்டாயமில்லை. அப்புறம் யார் மதிப்பார்கள்? ஐடியில் நாங்க ஒரு பட்டன் நிறத்தை மாத்தினாலே டெஸ்ட் பண்ணாம வெளியே விடமாட்டோம்!

விசா பயத்தில் நம்மாட்கள் வாய் திறப்பதில்லை. பாட்டி கீழே விழுந்தால் பழி யார் தலையில்? வேலையில் சேரும் அன்றே கேளுங்க: நான் செய்வதை நேரில் பார்த்து யார் கையெழுத்துப் போடுவாங்க?