தொட்டில் ஆட்டும் கைக்கு யார் கூலி கொடுப்பது?

அங்கன்வாடிதான் இருக்கிறதே, பிறகென்ன குறை என்று கேட்கிறார்கள். இருக்கிறது, நாம் மறுக்கவில்லை. 1975 அக்டோபர் 2-இல் 33 வட்டாரங்களில் தொடங்கிய திட்டம் இன்று நாடெங்கும் பரவியிருக்கிறது. கேரளத்தில் 2022 முதல் பாலும் முட்டையும் தருகிறார்கள். ஒரு சிறு பிள்ளை உப்புமா வேண்டாம், பிரியாணி வேண்டும் என்று கேட்டது. 2025-இல் முட்டை பிரியாணியும் உணவுப் பட்டியலில் ஏறிவிட்டது. மழலையின் குரல் தலைமைச் செயலகம் வரை எட்டியது நல்ல செய்தியே. ஆனால் நம்முடைய வழக்கு சோற்றைப் பற்றியது அல்ல, மணியைப் பற்றியது.

அங்கன்வாடி காலை 9.30-க்குத் திறக்கிறது, பிற்பகல் 3.30-க்கு மூடுகிறது. பாறசாலையிலிருந்து திருவனந்தபுரத்துக்குச் சித்தாள் வேலைக்குப் போகும் நம் பெண்கள் விடியற்காலையில் புறப்பட்டு, விளக்கு வைத்த பிறகு வீடு திரும்புகிறவர்கள். செங்கற்சூளையிலோ நேரக் கணக்கே கிடையாது. மேலும் அங்கன்வாடியில் உட்கார வைப்பது மூன்று வயது நிரம்பிய பிள்ளைகளைத்தான். அதற்குக் கீழே உள்ள பிள்ளைக்கு அமிர்தம் பொடிப் பொட்டலம் கிடைக்கும். பொட்டலம் பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ளுமா?

அப்படியானால் கைக்குழந்தையை யார் பார்க்கிறார்கள்? சில வீடுகளில் களியக்காவிளைக்கு அப்பால் இருக்கும் பாட்டி. பல வீடுகளில் ஏழாவதோ எட்டாவதோ படிக்க வேண்டிய மூத்த பெண். தங்கச்சிக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் நிற்பாள், தம்பி அழுகிறான் என்று மறுநாள் நிற்பாள், பிறகு பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் அவள் பெயரே நின்றுபோகும். யாரும் இல்லாத வீட்டில் தாய் வேலையை விடுகிறாள், ஒரு கூலி போய்விடுகிறது. ஆக, குழந்தை வளர்ப்புக்கு மானியம் இன்றைக்கும் கொடுக்கப்பட்டு வருகிறது. கொடுப்பது அரசு அல்ல, நம் வீட்டுச் சிறுமி.

சட்டத்துக்குப் பஞ்சமில்லை. 30 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் காப்பகம் வேண்டும் என்றது 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம். 50 பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்குக் காப்பகம் கட்டாயம் என்றது 2017-ம் ஆண்டின் மகப்பேறு உதவித் திருத்தச் சட்டம். நம் பெண்களோ பத்துப் பேராகவும் பதினைந்து பேராகவும் ஒப்பந்தக்காரர் கீழ் பிரிந்து கிடக்கிறார்கள். 50 என்ற எண் நம்மை எட்டிப் பார்ப்பதே இல்லை. 2005-ம் ஆண்டின் வேலை உறுதிச் சட்டத்தில் இருந்த ஒரு விதி நமக்கு இதைவிட நெருக்கமானது: வேலைத்தளத்துக்கு ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேர் வந்தால், ஒரு பெண்ணைப் பிள்ளை பார்க்க அமர்த்தி அவளுக்கும் கூலி கொடுக்க வேண்டும் என்றது அது. பிள்ளை பார்ப்பதும் வேலைதான் என்று ஒரு சட்டம் ஒப்புக்கொண்ட இடம் அது.

மானியமும் புதுமையல்ல. 2006-இல் ராஜீவ் காந்தி பெயரில் காப்பகத் திட்டம் வந்தது. 2017-இல் அது தேசியக் காப்பகத் திட்டமானபோது வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பம் மாதம் 20 ரூபாய் கட்டினால் போதும் என்று வைத்தார்கள். 2022 முதல் 'பால்னா' என்ற பெயரில் அங்கன்வாடியோடு காப்பகத்தையும் இணைக்கிறார்கள். ஆறு மாதக் குழந்தையிலிருந்து சேர்க்கலாம். நாளுக்கு ஏழரை மணி நேரம் என்பது அதன் கணக்கு. எட்டு மணி நேர உழைப்பும் பஸ் பயணமும் சேர்ந்த நாளுக்கு ஏழரை மணி நேரக் காப்பகம்! கணக்குப் போட்டவர் கூலி வேலைக்குப் போனதில்லை போலும்.

நமக்கென்று தனி இடைஞ்சல் ஒன்றும் உண்டு. 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு அந்தப் பக்கம் போயிற்று, நெய்யாற்றங்கரை இந்தப் பக்கம் நின்றது. ரேஷன் கார்டு அங்கே, வேலை இங்கே என்ற குடும்பங்கள் நம்மில் ஏராளம். 'உங்கள் பிள்ளை அந்த மாநிலம்' என்று யாராவது திருப்பி அனுப்பினால் திரும்பி வந்துவிடாதீர்கள். அங்கன்வாடிப் பதிவை மாநிலம் விட்டு மாநிலம் மாற்ற 'போஷன் டிராக்கர்' என்ற கணினிப் பதிவில் வழி இருக்கிறது. ஆறு வயதுக்கு உட்பட்ட 40 பிள்ளைகள் இருந்தும் அங்கன்வாடி இல்லாத கிராமமோ குடிசைப் பகுதியோ கோரினால், மூன்று மாதத்துக்குள் அமைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பர் 13-இல் ஆணையிட்டது. சொந்த ஊர் எது என்று அந்தக் கணக்கில் கேள்வி இல்லை.

பக்கத்தில் பாலராமபுரத்தைப் பாருங்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முன் நெசவுக்கு ஆள் தேவைப்பட்டது. திருவிதாங்கூர் அரசு தமிழ்ச் சாலியர்களை அழைத்து வந்து குடியமர்த்தியது. மன்னராட்சிக்குத் தெரிந்த விஷயம்: உழைப்பவர் குடும்பத்தோடுதான் வருவார்.

நாம் கேட்பது இது. எல்லையோர வார்டுகளில் அங்கன்வாடியோடு காப்பகம் இருக்க வேண்டும். காலை 7 முதல் மாலை 6.30 வரை திறந்திருக்க வேண்டும்; கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் ஊழியரும் ஊதியமும் வேண்டும். இருக்கிற டீச்சர் தலையிலும் ஆயா தலையிலும் இதைக் கட்டுவதை நாம் ஏற்கமாட்டோம். அவர்களும் கூலிக்காரர்களே.

அடுத்த கிராமசபைக்கு முன் ஒவ்வொரு வார்டிலும் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை எண்ணிவிடுங்கள். பிள்ளையின் வயது, தாய் புறப்படும் மணி, திரும்பும் மணி இந்த மூன்றும் மனுவில் இருக்கட்டும். மலையாளம் எழுதத் தெரியாது என்று தயங்க வேண்டாம்: தலைமைச் செயலகத்துக்குத் தமிழ்ச் சிறுபான்மையினர் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழிலேயே வர வேண்டும் என்று கேரளத்தின் 1969-ம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தில் இடம் இருக்கிறது.