சென்செக்ஸ் உச்சம், யாருக்கு மிச்சம்?

"மாப்ளே, உன் பேச்சைக் கேட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

2025 நவம்பர் கடைசியில எங்க மாமா போன்ல சொன்னது இது. சென்செக்ஸ் 86 ஆயிரத்தைத் தொட்டு புது உச்சம்னு டிவில கொண்டாடிக்கிட்டிருந்தாங்க. மாமாவுக்கு வயிறு எரிஞ்சு போச்சு. அன்னிக்கு ஒண்ணும் பேசாம "சரி மாமா"ன்னு வச்சுட்டேன். அதுக்கான பதில்தான் இந்தப் பதிவு.

முதல்ல கொஞ்சம் ஃபிளாஷ்பேக். 2024 செப்டம்பர்ல மாமா ரிட்டயர் ஆகி, பி.எஃப்., கிராஜுவிட்டின்னு கையில காசோட இருந்தார். 27ஆம் தேதி சென்செக்ஸ் 85,978 வரைக்கும் போச்சு. மறுநாள் டீக்கடை பேப்பர்ல காளைமாட்டுப் படம். "ஊரே சம்பாதிக்குதாம்ல, பத்து லட்சத்தைப் போட்டா பொண்ணு கல்யாணத்துக்குள்ள பன்னெண்டு ஆகிடாதா?"ன்னு கேட்டார். கால்ல விழாத குறையா நான்தான் தடுத்தேன். பணம் பேங்க் டெபாசிட்டுக்குப் போச்சு. மாமா ரெண்டு மாசம் என்கூட சரியாப் பேசலை.

கல்யாணம் 2025 மாசி மாசம். மண்டபத்துக்கு, சமையலுக்கு, நகைக்கடைக்குன்னு செட்டில் பண்ணிக்கிட்டிருந்த நேரம், மார்ச் 4ஆம் தேதி, சென்செக்ஸ் 73 ஆயிரத்துக்குக் கீழ முடிஞ்சது. உச்சத்துலேர்ந்து 15 சதவீதம் சரிவு. சென்செக்ஸை அப்படியே வாங்கியிருந்தாலே பத்து லட்சம் எட்டரை லட்சம் ஆகியிருக்கும். 'திரும்ப ஏறிடுச்சே'ன்னா, ஆமா, ஏறிடுச்சு. ஆனா சமையல்காரர் நவம்பர் வரைக்கும் காத்திருப்பாரா மாமா?

நான் சொல்ல வர்றது இவ்வளவுதான். உச்சம்ங்கிறது சென்செக்ஸோட செய்தி. உங்க செய்தி, நீங்க எந்த விலைக்கு வாங்கினீங்க, எப்போ உங்களுக்குப் பணம் தேவைங்கிறது. இந்த ரெண்டையும் எந்தப் பேப்பரும் முதல் பக்கத்துல போட மாட்டான்.

சும்மா பயமுறுத்தலைங்க. 1992 ஏப்ரல்ல, ஹர்ஷத் மேத்தா காலத்துல, சென்செக்ஸ் 4,400ஐத் தாண்டுச்சு. பதினோரு வருஷம் கழிச்சு 2003 ஏப்ரல்ல அது 3,000க்கும் கீழ. 2008 ஜனவரி 10ஆம் தேதி 21,206. 2009 மார்ச்ல 8,200க்கும் கீழ. பழைய இடத்துக்கு வர 2013 கடைசி ஆச்சு. கிட்டத்தட்ட ஆறு வருஷம். வருஷத்துக்கு 8 சதவீதம்னு ஒரு டெபாசிட்ல போட்டிருந்தா ஒரு லட்சம் சுமாரா ஒரு லட்சத்து 58 ஆயிரம் ஆகியிருக்கும். பங்குல இருந்தவனுக்குக் கொஞ்சம் டிவிடெண்ட் வந்திருக்கும், இல்லேன்னு சொல்லலை. அவ்வளவுதான்.

எனக்கு இது ஏட்டுச் சுரைக்காய் இல்ல. 2008 ஜனவரில சேமிப்பை மொத்தமா கொண்டுபோய் ஒரு கட்டுமானக் கம்பெனி பங்குல போட்டவன் நான். "இன்னும் ரெண்டு மாசத்துல டபுள் சார்"னு சொன்ன புரோக்கர் ஆபீஸ் தம்பி அதுக்கப்புறம் போனையே எடுக்கலை. 2009ல அஞ்சுல ஒரு பங்குதான் மிச்சம். பயந்துபோய் அடிமட்ட விலைக்கு வித்துட்டு வந்தேன். வீட்டுல சொல்லவே ஒரு வருஷம் ஆச்சு. அதனாலதான் மாமா விஷயத்துல அப்படிக் கத்தினேன்.

உடனே நம்ம 'லாங் டெர்ம்' கோஷ்டி வரும். "1979ல 100ல ஆரம்பிச்ச சென்செக்ஸ் இப்ப எங்க இருக்கு பாரு!" உண்மைதான். ஆனா அதே 30 கம்பெனியா இருக்கு? 2008 ஜனவரில சென்செக்ஸ்ல சத்யம் இருந்துச்சு, ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் இருந்துச்சு. ஒண்ணு கணக்குல பொய்னு 2009 ஜனவரில முதலாளியே எழுதிக் குடுத்தாரு. இன்னொண்ணு 2019ல திவால் நடவடிக்கைக்குப் போச்சு. ரெண்டையும் தூக்கிட்டு வேற கம்பெனியைச் சேர்த்துக்கிட்டாங்க. சில ஸ்கூல்ல பத்தாவதுல 100 சதவீத ரிசல்ட் காட்ட, சுமாராப் படிக்கிற பையனுக்கு ஒன்பதாவதுலேயே டி.சி. குடுத்து அனுப்புவாங்களே, கிட்டத்தட்ட அந்தக் கதை. இண்டெக்ஸ் ஃபண்டு வச்சிருக்கிறவனுக்கு இந்த டி.சி. வேலை தானா நடக்கும். உங்க டீமேட்ல யார் டி.சி. குடுப்பா? அந்தப் பையன் அங்கேயேதான் உக்காந்திருப்பான்.

அப்போ உச்சம் யாருக்கு லாபம்? புரோக்கருக்கு. நீங்க வாங்கினாலும் கமிஷன், வித்தாலும் கமிஷன். அரசாங்கத்துக்கு. 2004லேர்ந்து ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் வரி. அப்புறம், விக்கிறவனுக்கு. அந்த செப்டம்பர் உச்சம் முடிஞ்சு ஒரு மாசம்கூட ஆகலை, அக்டோபர்ல ஹூண்டாய் இந்தியா 27,870 கோடி ரூபாய்க்கு ஐ.பி.ஓ. வந்துச்சு. அதுல ஒரு பைசா இங்க இருக்கிற கம்பெனிக்குப் போகலை. மொத்தமும் பங்கை வித்த கொரியத் தாய்க் கம்பெனிக்கு. 1,960 ரூபாய்க்கு வித்தது முதல் நாளே 1,820ல முடிஞ்சது. அப்புறம் ஏறினது இறங்கினது வேற கதை. சட்டப்படி தப்பே இல்ல. ஆனா விவரம் தெரிஞ்சவன் விக்கிற நேரத்துல, பேப்பர் ஏன் நம்மளை வாங்கச் சொல்லுதுன்னு ஒரு நிமிஷம் யோசிக்க வேணாமா?

மாமா அன்னிக்குக் கடைசியா சொன்னதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்துச்சு. "விட்டதைப் பிடிக்க ஆப்ஷன்னு ஒண்ணு இருக்காமே?" உச்சத்தோட நிஜமான ஆபத்து இதுதாங்க. பஸ்ஸை விட்டவன் ஓடுற லாரியில தொத்துறது. செபியே கணக்குப் போட்டு 2024ல வெளியிட்டுச்சு: எஃப் அண்ட் ஓ-ல இறங்கின தனிநபர்கள்ல மூணு வருஷத்துல 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கும் மேல. இது தெரிஞ்சும் இறங்குறதுக்குப் பேரு முதலீடா?

பங்குச்சந்தையே வேணாம்னு சொல்ற ஆள் நான் இல்ல. 2008லேர்ந்து 2013 வரைக்கும் அசராம மாசாமாசம் போட்டவன் 8,000லயும் 10,000லயும் வாங்கினான். அவன் ஜெயிச்சான். அவனுக்கு உச்சமும் ஒண்ணுதான், பள்ளமும் ஒண்ணுதான். இன்னும் மூணு நாலு வருஷத்துக்குள்ள தேவைப்படுற பணமா? சந்தை பக்கமே வேணாம், ஏற்கனவே உள்ள இருந்தா உச்சத்துல எடுத்துடுங்க. பத்து வருஷம் தொடவே மாட்டீங்களா? தலைப்புச் செய்தியைப் பார்க்காம மாசாமாசம் போடுங்க.

மாமா, நீங்க விட்டது லாபம் இல்ல. கல்யாணத்துக்கு முந்தின நாள் கடன் கேட்டு அலையுற நிலைமையைத்தான் விட்டீங்க. கோபம் தீர்ந்ததும் போன் பண்ணுங்க, எடுக்கறேன் :-)

டிஸ்கி: நான் ஆலோசகர் இல்ல, அடிபட்டவன். ஆப்ஷன்ல கோடி சம்பாதிச்ச அந்த ஏழு சதவீத அன்பர்கள் மன்னிக்க!