கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் உயிர்



சென்ற மாதம் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்த நேரம். சாகுபுரத்திலிருந்து ஓத வரும் மாணவன் ஒருவன் மூச்சிரைக்க ஓடி வந்தான். "ஹஜ்ரத், காக்காவுடைய சிலந்தி மௌத்தாகிவிட்டதாம். உம்மா குப்பையில் கொட்டப் போகிறார்கள்" என்றான்.

சென்னையில் பணியாற்றும் அவன் தமையன் ஆசையோடு வளர்த்த டாரன்டுலா அது. உள்ளங்கை அகலம், உடலெங்கும் ரோமம். விடுமுறையில் வந்தவர் பெட்டியோடு தம்பியிடம் விட்டுச் சென்றிருக்கிறார். மூன்று வாரமாக இரை தொடாத அது, அன்று மல்லாந்து கிடந்தது.

கலைப் பட்டதாரியான எனக்கு அதைப் பற்றி என்ன தெரியும்? விலங்கியல் ஆசிரியரான நண்பரைத் தொலைபேசியில் அழைத்தேன். "கால்கள் விரிந்திருக்கின்றனவா, அடியில் சுருண்டிருக்கின்றனவா?" என்று மட்டும் கேட்டார். விரிந்திருந்தன. "சட்டை உரிக்கிறது, யாரும் தொடாதீர்கள்" என்றார். மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் சென்று பார்த்தால், பழைய தோல் ஒருபுறம், புது மேனியோடு சிலந்தி மறுபுறம்! ஸுப்ஹானல்லாஹ்!

நண்பர் விளக்கியதைக் கேளுங்கள். சிலந்தி தன் கால்களை உடல் நீரின் அழுத்தத்தாலேயே நீட்டுகிறது. நீர் வற்றினால் கால்கள் உள்நோக்கிச் சுருளும். குப்புறக் கிடந்து கால்கள் சுருண்டால்தான் அஞ்ச வேண்டும். உடனே சிறு மூடியில் தண்ணீர் வைக்க வேண்டும். சட்டை உரிப்பதற்கு முன் வாரக்கணக்கில் உண்ணாதிருப்பது அதன் இயல்பு. அவ்வேளையில் வெட்டுக்கிளியோ கரப்பானோ உள்ளே கிடந்தால், மென்மையான உடலை அதுவே கடித்துக் குதறிவிடும். உரித்த பின்னும் நச்சுப்பற்கள் இறுகும்வரை சில நாட்கள் இரை வேண்டாம்.

அதற்குக் கண் பார்வை குறைவு. ரோமங்களால் அதிர்வை உணர்ந்தே உலகை அறிகிறது. முழங்கால்களைக் குறுக்கி ஒடுங்குவதும், ஓயாமல் சுவரேறுவதும், முன்னங்கால்களைத் தூக்கி நிற்பதும் கலக்கத்தின் அடையாளங்கள். நம் மாணவனோ, தோழர்களுக்குக் காட்டுவதற்காக நாள்தோறும் கண்ணாடியைத் தட்டியிருக்கிறான்! பெட்டி இருந்த இடம் மாவரைக்கும் கிரைண்டருக்கு அருகில். ஒளிந்துகொள்ள ஒரு சிரட்டைகூட உள்ளே இல்லை.

பூனையைக் கட்டிவைத்து, உணவும் தராமல், தானே இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண்ணுக்கு நேர்ந்த தண்டனையை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்ததை நாம் அறிவோம். அடைத்து வைத்தவர் மீதே அதன் பொறுப்பனைத்தும் விழுகிறது. பெண் டாரன்டுலா பத்தாண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. இன்று ஓதும் சிறுவனுக்கு நிக்காஹ் ஆன பின்னும் அது உயிரோடிருக்கலாம். வாங்குவோர் இதை எண்ணுகிறார்களா?

எங்கிருந்து வாங்குகிறோம் என்பதும் கேட்க வேண்டிய கேள்வியே. 2021-இல் போலந்திலிருந்து அருப்புக்கோட்டை முகவரிக்கு வந்த அஞ்சல் பொதியைச் சென்னை சுங்க அதிகாரிகள் பிரித்தபோது, வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய குப்பிகளில் 107 உயிருள்ள சிலந்திகள் இருந்தன. உரிய அனுமதி இல்லாததால் அவற்றைத் திருப்பியனுப்ப முடிவாயிற்று. நமது மன்னார் வளைகுடாக் கரையிலும் இவ்வினம் உண்டு. இராமேசுவரத்தில் அனுமவிலாசம் கோயில் தோப்பில் கண்ட ஒரு வகைக்கு 2004-இல் அக்கோயிலின் பெயரையே இட்டனர். இன்று அது அழிவின் விளிம்பில் நிற்கிறது. அந்தப் பேரினத்துச் சிலந்திகள் அனைத்தும் 2019-இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. மரப்பொந்தில் இத்தகைய சிலந்தியைக் கண்டால் அங்கேயே விட்டுவிடுங்கள். வெளிநாட்டுச் சிலந்தியையோ தோப்பில் திறந்துவிடக் கூடாது.

அந்தத் தமையனுக்கு, "இதை எங்கே வாங்கினீர்கள்? சீட்டு உண்டா?" என்று எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. பெட்டி இப்போது மாடியறை மூலையில், ஒரு சிரட்டையோடு இருக்கிறது. தண்ணீர் மாற்றுவது, குப்பையில் கொட்டவிருந்த அந்த உம்மாதான்.